குழு நோட்டில் ஒரு வரி

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உள்ள மகளிர் குழு அக்காக்களுக்கும் தங்கைகளுக்கும்,



உங்களில் பலருடைய பீரோவில், நல்ல புடவைகளுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. ஆசையாகப் பிரித்து, பார்த்த கையோடு மறுபடி மடித்து உள்ளே தள்ளிய கவர். வீட்டுக்காரரிடம் காட்டவில்லை. மாமியாரிடம் சொல்லவில்லை. "என்ன விலை ஆச்சு?" என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம் பேச்சை மாற்றிவிட்டீர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் தையல்காரி. பாகூர் ஏரிக்கரைப் பக்கத்து ஊர் ஒன்றில் இருபது வருடமாக மிஷின் மிதிக்கிறேன். எப்படியாவது ஒப்பேற்ற முடியுமா என்று அந்தக் கவரை நீங்கள் கடைசியில் எடுத்து வருவது என்னிடம்தான்.

போன ஆடி மாதம் ஒரு தங்கை வந்தாள். போனில் பார்த்தது அரக்குச் சிவப்பு, கையகல ஜரிகை, முந்தானை முழுக்க மாங்காய். வந்தது செங்கல் நிறத்தில் ஒரு துணி. மேஜையில் விரித்து அளந்தேன். ஐந்தரை மீட்டர் இருக்க வேண்டிய புடவை நாலே முக்கால் மீட்டர்கூட இல்லை. ஜாக்கெட் பிட் கிடையாது. ஜரிகை என்று இருந்ததை நகத்தால் சுரண்டினால் விரலில் பொன் பொடி ஒட்டியது. "பட்டுன்னுதான் போட்டிருந்தான் அக்கா" என்றாள். ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினேன். பட்டு நூல் என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் பொடிப்பொடியாக உதிரும். இது உருகி, கறுப்பாக ஒரு மணி போலத் திரண்டு நின்றது. அந்த மணியை அவள் கையில் வைத்தேன். அதை உருட்டிக்கொண்டே, "அவருகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். காசு போனதைவிட அந்தப் பயம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

அந்தப் பயத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அது எனக்கும் இருந்தது. என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை.

எங்கள் ஊர் மாரியம்மன் செடல் திருவிழாவுக்குக் குழுவில் எல்லோரும் ஒரே மாதிரிப் புடவை கட்டலாம் என்று முடிவு செய்தோம். பதினான்கு பேர். துணி விஷயம் எனக்குத் தெரியும் என்று பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். டவுனுக்குப் போய் நேரு வீதியில் கடை கடையாக ஏறி இறங்க ஒரு நாள் முழுசாக வேண்டும். பள்ளிச் சீருடை தைக்கும் நேரம் அது, என்னால் ஒரு நாளை விட முடியவில்லை. போனில் ஒரு பக்கம் வந்தது. தறியிலிருந்து நேராக, நடுவில் ஆள் இல்லை, பத்துப் புடவைக்கு மேல் எடுத்தால் ஒன்று 650 ரூபாய் என்று போட்டிருந்தது. பக்கத்துக்கு நாற்பதாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். கேள்வி கேட்டால் உடனே பதில் வந்தது. "அக்கா, உங்க ஊர் திருவிழாவா அக்கா, சாமி காரியம், லேட் பண்ணமாட்டேன்" என்று நம் வீட்டுப் பையன் மாதிரி எழுதினான். பணம் போடும்போது திரையில் வந்த பெயர் வேறாக இருந்தது. கேட்டேன். "எங்க அக்கவுண்டன்ட் பேரு அக்கா" என்றான். அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். பதினான்கு பேர் பணம் 9,100 ரூபாயைப் போட்டேன்.

நாலாம் நாள், பார்சல் பெரிசாக இருப்பதால் வரி 1,180 ரூபாய் கட்ட வேண்டும், புடவை கைக்கு வந்ததும் திருப்பிக் கொடுப்போம் என்று செய்தி வந்தது. அதையும் போட்டேன், என் கைக்காசை. மறுநாள் அந்தப் பக்கம் என் போனில் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தில் கேட்டவர்களிடம் "வந்துகிட்டிருக்கு" என்றேன். மிஷினில் உட்கார்ந்தால் நூல் கோக்கக் கை வரவில்லை. திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சொன்னேன். யாரும் திட்டவில்லை. ஒரே ஒரு அம்மா மட்டும், ஏரி வேலைக்குப் போகிறவர், "ரெண்டு நாள் கூலி" என்று தன் உள்ளங்கையைப் பார்த்துச் சொன்னார். அதற்கு மேல் பேசவில்லை. அதன் பிறகுதான் என் அண்ணன் மகன் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போட்டுக் கொடுத்தான். எடுத்தவர்கள் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பிறகு தெரிந்தது, நான் போட்ட பணம் போட்ட அன்றைக்கே வேறு கணக்கு மாறிப் போயிருக்கிறது. பதினோரு நாளும் நான் பயந்து காப்பாற்றியது என் மானத்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காப்பாற்றியது அவனை.

மற்ற பதின்மூன்று பேருக்கும் 8,450 ரூபாயை நான் திருப்பிக் கொடுத்தேன். ஒரு ஜாக்கெட்டுக்கு 150 ரூபாய் வாங்குகிறேன். ஐம்பத்தேழு ஜாக்கெட்.

இதையெல்லாம் சொன்னால் சிலர், "படிக்காத பொம்பளைங்க, ஆசைப்பட்டு ஏமாந்தாங்க" என்பார்கள். அந்தப் பேச்சை நீங்கள் நம்பாதீர்கள். நாடாளுமன்றத்தில் மத்திய அரசு வைத்த கணக்குப்படி 2024-ல் இந்தியாவில் இணைய மோசடியில் மக்கள் இழந்த பணம் 22,845 கோடி ரூபாய். அதற்கு முந்தைய வருடம் 7,465 கோடி. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு. அவ்வளவு பணமும் படிக்காத பெண்களிடமிருந்தா போயிருக்கும்? டாக்டரும் வாத்தியாரும் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

நமக்கு வாங்கத் தெரியாது என்பதும் பொய். மதகடிப்பட்டு செவ்வாய்ச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்குவாரா? கத்தரிக்காயைக்கூட நாம் காம்பைத் திருப்பிப் பார்த்துத்தான் கூடையில் போடுகிறோம். மீன்காரம்மா என்னதான் சத்தியம் செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். நம் புத்தி கையில் இருக்கிறது, கண்ணில் இருக்கிறது, மூக்கில் இருக்கிறது. போனில் கைக்கும் மூக்குக்கும் வேலை இல்லாமல் போய்விடுகிறது. கண் மட்டும் மிஞ்சுகிறது, அதற்கும் அவன் காட்டுகிற படம்தான். அந்தப் படம் வேறு எவரோ உழைத்து எடுத்த படம். காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ நேர்மையாகக் கடை வைத்திருப்பவர் போட்ட வீடியோவைத் திருடித் தன் பக்கத்தில் ஒட்டியிருப்பான்.

அதனால் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பதற்குப் பதிலாகப் போனில் எதைப் பிடித்துப் பார்ப்பது என்று கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் பட்ட பிறகு கற்றதைச் சொல்கிறேன்.

இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தின் பெயரைத் தொட்டால், இந்தக் கணக்கைப் பற்றி என்று ஒரு இடம் வரும். எந்த மாதம், எந்த வருடம் தொடங்கியது, எத்தனை முறை பெயர் மாற்றியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் அதில் தெரியும். பேஸ்புக்கிலும் பக்கத்தின் விவரத்துக்குள் போனால் தொடங்கிய தேதி, பழைய பெயர்கள், நடத்துகிறவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது வரை காட்டும். "முப்பது வருடப் பாரம்பரியம்" என்று போட்டவன் பக்கம் மூன்று மாதத்துக்கு முன் பிறந்திருக்கும். நேற்று வரை கிரிக்கெட் பக்கமாக இருந்தது இன்று புடவைக் கடையாகியிருக்கும். நாற்பதாயிரம் பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பது அப்போது புரியும். எனக்கு இது முன்னமே தெரிந்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

கருத்து எழுதும் இடத்தை மூடி வைத்திருக்கிறானா என்று பாருங்கள். மூடியிருந்தால் ஏமாந்தவர்கள் எழுதுவதை மறைக்கிறான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஊர் பெயரும் கடைத்தெருப் பெயரும் இருக்கும், கதவு எண் இருக்காது. ஜிஎஸ்டி எண் என்று ஒன்றைப் போட்டிருந்தால் அதன் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு 33, நம் புதுச்சேரிக்கு 34, குஜராத்துக்கு 24. காஞ்சிபுரம் தறி என்று சொல்லிவிட்டு எண் 24-ல் தொடங்கினால் கேள்வி கேளுங்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் எந்தப் பெயரில் பதிவு என்று வந்துவிடும். சின்ன வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி எண் இல்லாமல் இருக்கலாம், அது குற்றமில்லை. பொய்யான எண்ணைப் போடுவதுதான் குற்றம்.

எல்லாவற்றையும்விட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. வீடியோ கால் கேளுங்கள். "அந்தப் புடவையை விரித்துக் காட்டுங்க, ஒரு காகிதத்தில் இன்றைய தேதியும் என் பெயரும் எழுதிப் பக்கத்தில் வையுங்க" என்று சொல்லுங்கள். புடவை கையில் இருக்கிறவன் கொஞ்சம் சலித்துக்கொண்டாவது காட்டுவான். படம் மட்டும் வைத்திருப்பவன் நெட்வொர்க் இல்லை என்பான், கடையில் கூட்டம் என்பான், கடைசியில் "நம்பிக்கை இல்லாட்டி வாங்க வேணாம்" என்று கோபிப்பான். அந்தக் கோபத்துக்குப் பயந்துதான் நாம் பணம் போடுகிறோம். மீன்காரம்மாவின் கோபத்துக்கு நாம் என்றைக்காவது பயந்திருக்கிறோமா?

பணம் போடும்போது திரையில் வரும் பெயர் வங்கிக் கணக்கில் உள்ள பெயர். கடையின் பெயரும் அதுவும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். என்ன காரணம் சொன்னாலும் நிறுத்துங்கள்.

ஏமாந்த பிறகு இரண்டாவதாக ஒரு ஏமாற்று வரும், அது முதலாவதைவிடக் கொடுமையானது. ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்து, அந்தக் கடையின் உதவி எண்ணைக் கூகுளில் தேடுவீர்கள். கிடைக்கும் எண்ணும் சில சமயம் அதே மாதிரி ஆட்கள் போட்டு வைத்ததுதான். "பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்பார்கள். அக்கா, தங்கச்சி, இதை மட்டும் மனசில் ஆணி அடித்து வைத்துக்கொள்ளுங்கள்: பணம் நம் கணக்குக்கு வர பின் நம்பர் வேண்டியதே இல்லை. பின் போட்டால் பணம் போகும். இப்படி ஏமாற்றுவது அதிகமானதால்தான் தனி ஆள் ஒருவர் இன்னொருவருக்குப் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை யுபிஐயில் 2025 அக்டோபரிலிருந்து நிறுத்தினார்கள். ஆனால் ஸ்கேன் பண்ணச் சொல்லும் வழி அப்படியேதான் இருக்கிறது. ஒரு செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஃபைலைத் திறங்கள் என்று சொன்னாலும் போனைக் கீழே வைத்துவிடுங்கள். முழுக் கணக்கையும் துடைத்துவிடுவார்கள். ரேஷன் அரிசிக்குப் பதில் பணம் வந்ததும், 2023-ல் தொடங்கிய குடும்பத் தலைவி உதவித்தொகை வருவதும், குழுக் கடன் வருவதும் அந்த ஒரே கணக்கில்தானே?

"பொருள் வந்த பிறகு பணம் கொடுக்கும் முறை இருக்கே, அதில் பயமில்லை" என்று சிலர் நினைக்கிறீர்கள். பயம் குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது. அந்தச் செங்கல் நிறத் துணி அப்படி வந்ததுதான். பெரும்பாலும் கூரியர் பையனுக்குப் பணத்தைக் கொடுத்த பிறகுதான் பார்சலைப் பிரிக்க முடியும், தபாலில் வரும் வி.பி. பார்சலும் அப்படித்தான். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது. நாம் செய்யக்கூடியது, கவரைத் தொடுவதற்கு முன்னாலிருந்து பிரித்து முடிக்கும் வரை வெட்டு இல்லாமல் வீடியோ எடுப்பது. மேலே உள்ள முகவரிச் சீட்டு தெளிவாகத் தெரிய வேண்டும். வீட்டில் யாரும் கேட்காத பார்சல் வந்தால் "பிள்ளைகள் யாராவது போட்டிருப்பார்கள்" என்று மாமியார் பணம் கொடுத்து வாங்கிவிடுகிறார். அவரிடமும் சொல்லி வையுங்கள்.

தீபாவளி நேரம் தனி. பாதி விலைக்குப் பட்டாசு என்று போனில் வரும் விளம்பரத்துக்கு நம் இளவட்டங்கள் சீட்டுச் சேர்த்துப் பணம் போடுகிறார்கள். பட்டாசை இணையத்தில் விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் சொல்லிவிட்டது. 2024 தீபாவளிக்கு முன் தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு இந்தப் போலிப் பட்டாசுக் கடைகளைப் பற்றித் தனியாக எச்சரிக்கை விட்டது. விற்கக் கூடாத பொருளை விற்கிறேன் என்பவனிடம் நேர்மையை எதிர்பார்க்க முடியாது.

இந்த விளம்பரங்களை நம் போனுக்குக் கொண்டுவந்து கொடுப்பது யார் என்றும் நாம் கேட்க வேண்டும். நாம் தேடிப் போகவில்லை, அது நம்மைத் தேடி வந்தது. பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் மெட்டா என்ற ஒரே கம்பெனியுடையவை. 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அந்தக் கம்பெனியின் உள் ஆவணங்களைப் பார்த்து எழுதியது. 2024-ல் வரும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடை செய்த பொருள்களின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று அவர்களே உள்ளுக்குள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு விளம்பரதாரர் மோசடிக்காரர் என்று தொண்ணூற்றைந்து சதவீதம் உறுதியானால்தான் அவரை நீக்கும் அளவுக்கு விதி இருந்திருக்கிறது. அந்தக் கணக்கு முழுப் படத்தைக் காட்டவில்லை என்று கம்பெனி பதில் சொன்னது. எனக்கு அந்தப் பதில் போதவில்லை. சந்தையில் கடை போட இடம் வாடகைக்கு விடுகிறவர், திருடன் என்று சந்தேகம் வந்தும் வாடகையை வாங்கிக்கொண்டே இருந்தால் ஊர் சும்மா விடுமா? நம் கொம்யூனில் விடமாட்டோம்.

ஆகவே போன பணத்துக்கு வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் இல்லை. ஆனால் நம் பக்கம் திருத்திக்கொள்ள வேண்டியதும் இரண்டு இருக்கிறது, அதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, ரீசெல்லர் குரூப். "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், படத்தை அனுப்பினால் போதும், புடவைக்கு நூறு ரூபாய் உங்களுக்கு" என்று உங்களைச் சேர்க்கிறார்கள். பொருளை நீங்கள் கண்ணால் பார்த்ததில்லை. விற்கிறவன் முகம் தெரியாது. ஆனால் வாங்குகிற அத்தைக்கு உங்கள் முகம் தெரியும், உங்கள் முகத்தை நம்பித்தான் பணம் தருகிறார். அவனிடம் இல்லாத ஒன்று நம் ஊரில் உங்களுக்கு இருக்கும் பேர். அதை நூறு ரூபாய்க்கு அவனுக்கு வாடகைக்கு விடாதீர்கள். நானும் அன்றைக்கு அதைத்தான் செய்தேன், ஒரு ரூபாய் கூட வாங்காமல். நீங்கள் விற்பதாக இருந்தால் ஒரு பொருளை முதலில் உங்கள் காசில் வரவழைத்து, துவைத்து, சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு விற்பனை செய்யுங்கள்.

இரண்டு, வங்கிக் கணக்கு. "உங்க பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் கொடுங்க, மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று நம் ஊர்ப் பக்கமும் ஆள் வந்து கேட்கிறான். என் 9,100 ரூபாய் போய் இறங்கியதும் இப்படி எவரோ ஒருவருடைய கணக்காகத்தான் இருந்திருக்கும். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில். கல்லூரிக்குப் போகும் உங்கள் பிள்ளைகளிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள்.

நேர்மையாக விற்கிறவர்களை இதில் சேர்த்து அடித்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வில்லியனூர் சுடுமண் பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் இருக்கிறது. நம் குழுக்களிலேயே மசாலாப் பொடியும் ஊறுகாயும் சணல் பையும் செய்து வாட்ஸ்அப்பில் விற்கிறவர்கள் இருக்கிறீர்கள். ஒவ்வொரு போலிப் பக்கமும் உங்கள் வாடிக்கையாளரைத்தான் விரட்டுகிறது. "ஆன்லைன்னா ஏமாத்துதான்" என்று ஊரே முடிவு கட்டிவிட்டால் கோரிமேட்டிலோ சென்னையிலோ உட்கார்ந்திருப்பவர் உங்களிடம் எப்படி வாங்குவார்? அதனால் விற்கிற அக்காக்கள் ஊர்ப் பெயர், குழுப் பெயர், போன் எண், திருப்பி எடுத்துக்கொள்ளும் நாள் எல்லாவற்றையும் பக்கத்தின் தலையிலேயே போடுங்கள். கையால் எழுதினாலும் பில் கொடுங்கள். நம்மிடம் வாங்குகிறவர் பல் பிடித்துப் பார்க்கட்டும்.

இவ்வளவுக்கும் மீறி ஏமாந்தால் என்ன செய்வது? நான் பதினோரு நாள் கழித்துச் செய்ததை நீங்கள் பதினோரு நிமிஷத்தில் செய்யுங்கள். 1930-ஐ அழையுங்கள். 2021-ல் மத்திய அரசு தொடங்கிய ஏற்பாடு இது. நீங்கள் சொன்னதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். அங்கே பணம் இன்னும் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். நகர்ந்திருந்தால் எந்த வங்கிக்குப் போனதோ அங்கே துரத்துவார்கள். அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் அவ்வளவு முக்கியம். அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியது: எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பணம் போன ரசீதில் இருக்கும் பன்னிரண்டு இலக்க எண். அவர்கள் தரும் புகார் எண்ணை எழுதிக்கொண்டு சைபர் கிரைம் இணையதளத்தில் மீதி விவரத்தையும் படங்களையும் சேர்க்க வேண்டும். உங்கள் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். அவனோடு பேசிய பேச்சைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. கடை உண்மையானது, பொருள்தான் மட்டம், திருப்பி எடுக்கமாட்டேன் என்கிறான் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், அவன் ஊருக்கு அலைய வேண்டாம்.

"650 ரூபாய்க்கு யார் புகார் கொடுப்பது" என்று கேட்காதீர்கள். அவன் கணக்குப் போட்டதே அதைத்தான். பத்தாயிரம் பேரிடம் ஆளுக்கு 650 ரூபாய் எடுத்தால் அறுபத்தைந்து லட்சம், அதில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை என்றால் அவன் மேல் ஒரு புகார்கூட இல்லை. அதே கணக்கின் மேல் பாகூரிலிருந்து ஒன்று, மங்கலத்திலிருந்து ஒன்று, கூடப்பாக்கத்திலிருந்து ஒன்று என்று புகார்கள் விழுந்தால்தான் அது ஒரே ஆள் என்று போலீசுக்கே தெரியும்.

இதைப் படிக்கும் அண்ணன் தம்பிகளுக்கு ஒரு சொல். வீட்டுப் பெண் வந்து "ஏமாந்துட்டேன்" என்று சொல்லும்போது, முதல் ஒரு மணி நேரத்தைத் திட்டுவதில் செலவழிக்காதீர்கள். போனை வாங்கி 1930 போட்டுக் கொடுங்கள். திட்ட வேண்டுமென்றால் சாயங்காலம் திட்டிக்கொள்ளலாம்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். வாரம் தவறாமல் நாம் பாய் விரித்து உட்காருகிறோம். சேமிப்பு எவ்வளவு, உள்கடன் யாருக்கு, திருப்பிக் கட்டியது யார் என்று ஒரு ரூபாய் பிசகாமல் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் எல்லோரும் சேர்ந்து கேட்கிற நாம், ஒருத்தியிடமிருந்து பணம் திருடு போனால் மட்டும் ஏன் கேட்பதில்லை? வரும் கூட்டத்திலிருந்து, சேமிப்பு வாங்கி முடித்ததும், ஊக்குநர் ஒரு கேள்வி கேட்கட்டும்: "இந்த வாரம் போனில் வாங்கி யாருக்காவது ஏதாவது ஆச்சா?" சொல்கிறவளை யாரும் இடைமறிக்க வேண்டாம், "அப்பவே சொன்னேனே" என்று யாரும் சொல்ல வேண்டாம். தேதி, பக்கத்தின் பெயர், பணம் போன பெயர், தொகை, 1930-ல் கொடுத்த எண். ஒரு வரி போதும். மாதம் ஒருமுறை அந்த வரிகளைப் பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்தில் வாசியுங்கள். உறுவையாற்றில் ஏமாற்றிய பக்கம் கிருமாம்பாக்கத்துக்கு வருவதற்குள் கிருமாம்பாக்கத்துக்குத் தெரிந்திருக்கும்.

முதல் வரி எழுத யாருக்கும் கை வராது என்று தெரியும். அதனால் எங்கள் குழு நோட்டில் என்னுடையதை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஏமாந்தது ஒரு புடவைப் பக்கத்திடம். 9,100 ரூபாயும் 1,180 ரூபாயும், மொத்தம் 10,280. புகார் கொடுத்தது பதினோரு நாள் கழித்து. அதற்கு அடுத்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
பாகூர் கொம்யூனிலிருந்து ஒரு தையல்காரி